ஒரு சாண் காற்று

இசக்கிமுத்துவின் வேலையைப் பறித்தவன் நான்தான். மேனேஜர் அல்ல, நான்!

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய்ச் செம்பூரில் பிளாஸ்டிக் தகடு வார்க்கும் கம்பெனியில் நான் கெமிஸ்ட். தகட்டுக்கான திரவம் பொல்லாதது. சும்மா வைத்தாலே பீப்பாய்க்குள் சூடேறிக் கட்டியாகிவிடும். அதைத் தடுக்கச் சிட்டிகையளவு ஹைட்ரோகுவினோன் போடுவோம். தொழிலாளிகளுக்கு அது ‘மருந்து’. அந்த மருந்துக்குக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்யாது. ஆகவே பீப்பாயில் ஒரு சாண் காலியிடம் விடவேண்டும்.

இதை இசக்கிமுத்துவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்! திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து எட்டே மாதமானவன். இந்தி தெரியாது. இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாகும், பிறகு மனைவியை அழைத்துவரலாம் என்றிருந்தான்.

மே மாதம் பீப்பாய் போதவில்லை. வாய்வரைக்கும் ஊற்றச் சொன்னேன்.

“ஒரு சாண் காத்து கெடக்கணும்னு நீங்கதான சார் சொன்னிய?”

“நீ கெமிஸ்டா, நான் கெமிஸ்டா? சொன்னதைச் செய்!”

எனக்குத் தெரியாதா? தெரியும்! இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற திமிர்... இரண்டாம் நாளே தகரக் கொட்டகையில் ஒரு பீப்பாய் வெடித்தது. மற்றவை பாறையாக இறுகிக் கிடந்தன. அடிபட்டவர் யாருமில்லை, அந்தமட்டில் தப்பித்தோம்.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. விசாரணையில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கேளுங்கள் இந்த அநியாயத்தை!

“மருந்து போட்டேன். சார் சொன்னபடி வாய்வரைக்கும் ஊத்துனேன்,” என்றான் இசக்கிமுத்து.

நான் இந்தியில் சொன்னேன்: “மருந்து போட மறந்துவிட்டானாம். மன்னிக்கச் சொல்கிறான்.” இதையே நாலு விதமாக நீட்டி முழக்கினேன்.

மேனேஜர் அவனைப் பார்த்து, “சச் ஹை?” என்றார். உண்மையா என்று கேட்கிறார் என்பதுமட்டும் அவனுக்குப் புரிந்தது. நெஞ்சை நிமிர்த்தி, “சச், ஸாப்!” என்றான்.

அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? என் வேலை, என் மாதுங்கா வீடு, என் கௌரவம்... தூ! இதெல்லாம் ஒரு காரணமா?

மூன்று வருடம் கழித்து சயான் பஸ் நிறுத்தத்தில் அவனே ஓடிவந்து கும்பிட்டான். தோல் பதனிடும் இடத்தில் வேலையாம். கையெல்லாம் உப்பு அரித்த புண். மனைவி இன்னும் ஊரில்தான். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லித் தொலை என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அன்னைக்கு எனக்காவ எம்புட்டு நேரம் இந்தியில வாதாடுனிய சார்! மேனேஜர்தான் எரங்கல. இப்பம் நான் நல்லா இந்தி பேசுவேன். அப்பமே தெரிஞ்சிருந்தா ஒங்களுக்குச் செரமம் குடுத்திருக்க மாட்டேன்.”

“பரவாயில்லை,” என்றேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன்!