அப்பாவுக்குக் கொண்டுபோன அப்பம்

என் அப்பா நரகத்துக்குத்தான் போவார் என்று எனக்குப் பத்து வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துபோனது. ஞாயிறு பள்ளி டீச்சர் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்து யாரும் பரலோகம் போய்விட முடியாது என்று மட்டும் சொன்னார். "இரட்சிப்புங்கறது சம்பளமில்ல கண்ணுகளா. தேவன் சும்மா குடுக்கறாரு. நாம கையை நீட்டி வாங்கிக்கோணும், அவ்வளவுதான்."

மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. என் அப்பா நல்ல காரியம் செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்.

கணபதி என்ற பகுதியில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பம்பு செட்டுக்கான தகடுகளை பிரஸ் மெஷினில் வைத்து அடித்துக் கொடுப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டியதும் அப்பா ஸ்பானர் பையோடு சர்ச்சுக்குப் போய்விடுவார். ஆடுகிற பெஞ்சை இறுக்குவார், ஃபேனுக்கு எண்ணெய் விடுவார், ஆயர் வீட்டுக் குழாயை மாற்றுவார். நடக்க முடியாதவர்கள் ஏறிவர வாசலில் சரிவு கட்டியதும் அவர்தான். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை. நன்றி சொன்னால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆரம்பிக்கும்போது மெல்ல எழுந்து வெளியே நடப்பார். மின்வெட்டுக் காலம் அது. "ஜெனரேட்டரைப் பாத்துட்டு வாரேன்" என்பார். கரண்ட் இருந்த நாட்களிலும் அவர் ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். மற்ற எல்லோரும் பீடத்தின் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்ட, ஆயர் ஒவ்வொரு கையிலும் காகிதம் போல மெல்லிய, வட்டமான அப்பத்தை வைத்துக்கொண்டே போவார். அப்பா மட்டும் கையை நீட்டியதே இல்லை. டீச்சர் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன்.

"தனக்குத் தகுதி இல்லைன்னு நெனைக்கறாரு கண்ணு," என்றார் அம்மா. "நீ அவர்கிட்டப் போயி இதைக் கேட்டுப்போடாத."

நான் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பதிலாக நானே கையை நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். திடப்படுத்தல் ஆகாத, அதாவது சபையில் இன்னும் முழு உறுப்பினராகச் சேர்க்கப்படாத பிள்ளைகளுக்கு அப்பம் கிடையாது. பெரியவர்களோடு போய் மண்டியிட்டால் ஆயர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார். ஆனால் அடுத்த திருவிருந்து ஞாயிறன்று எங்கள் ஆயர் ஊரில் இல்லை. வெளியூரிலிருந்து வேறொருவர் வந்திருந்தார். என் வயதுக்கு நான் நல்ல உயரம். அம்மா பாடகர் குழுவில் நின்றிருந்தார். துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நுழைந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் வந்து பக்கத்திலேயே மண்டியிட்டவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஒரு காலத்தில் அப்பாவோடு பட்டறையில் இருந்தவர், பிறகு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. நான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எப்படிப் போனது என்று கேட்டால், எலி கடித்துவிட்டது என்பார். நானும் நம்பியிருந்தேன்.

அப்பம் என் உள்ளங்கைக்கு வந்தது. வாயில் போடுவதுபோல் கையை உயர்த்தி, விரல்களை மடக்கிக்கொண்டேன். திராட்சை ரசக் கிண்ணம் வருவதற்குள் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே ஓடினேன்.

அப்பா ஜெனரேட்டர் அறைக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கையை நீட்டுங்கப்பா," என்றேன்.

மிட்டாய் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே நீட்டினார். வியர்வையில் வளைந்துபோயிருந்த அப்பத்தை வைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏது கண்ணு இது?"

"உங்களுக்குத்தான் வாங்கியாந்தேன். சீக்கிரம் வாயில போடுங்க."

"திருட்டுத்தனமா வாங்கிட்டு வந்தியா?"

"இல்லீங்கப்பா. சும்மாதான் குடுத்தாங்க."

அவர் எழுந்து நின்றார். அப்பம் இருந்த கையை மடக்கவும் முடியாமல், விரித்தபடியே வைத்திருக்கவும் முடியாமல் தடுமாறினார். "வா, போயிக் குடுத்துட்டு வந்தரலாம்," என்றார். அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். நான் செய்ததை முழுக்கப் பார்த்திருக்கிறார்.

"புள்ளை கொண்டாந்துட்டாளே. சாப்புடுங்கண்ணா."

"எனக்கு என்னடா தகுதி இருக்குது?"

"எத்தனை வருசமா இதையே சொல்லுவீங்க? நான் உங்ககிட்ட என்னத்தைக் கேட்டேன்? பெஞ்சைச் சரி பண்ணுங்கன்னு கேட்டேனா, சரிவு கட்டுங்கன்னு கேட்டேனா?"

சித்தப்பா அண்ணனின் உள்ளங்கையிலிருந்த அப்பத்தை மூன்று விரல் கையால் எடுத்து, சோறு உண்ண அடம்பிடிக்கும் குழந்தைக்கு நீட்டுவதுபோல வாயருகே கொண்டுபோனார்.

"வாயைத் தொறங்கண்ணா."

அப்பா வாயைத் திறந்தார். பிறகு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே இரண்டு பாட்டுகள் முடிந்தன. நான் அங்கே நிற்பதையே இருவரும் மறந்துவிட்டதாகத் தோன்றியது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கொண்டுவந்தது நான் அல்லவா?

வந்திருந்த ஆயரிடம் சித்தப்பாவே போய் எல்லாவற்றையும் சொன்னார். ஆயர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று பயந்தேன், அவர் கூப்பிடவில்லை. அம்மாதான் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். வைத்த கையாலேயே தேய்த்தும் விட்டார்.

விரல்களைக் கடித்த எலி எது என்று எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரியவந்தது. நான் பிறப்பதற்கு முந்தைய வருடம், ஓர் அவசர ஆர்டருக்காக, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரஸ் மெஷினில் கை சிக்காமல் காக்கும் தடுப்பைக் கழற்றி வைத்தவர் அப்பா. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தவர் சித்தப்பா. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அண்ணனை மன்னித்துவிட்டாராம். அந்த மன்னிப்பைத்தான் அப்பா வாங்கிக்கொள்ளவில்லை.

பத்து வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் அப்பா காப்பாற்றப்பட்டுவிட்டார், இனி அவர் கஷ்டப்பட வேண்டியதில்லை என்பதுதான். அதனால் அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடியும் ஸ்பானர் பையை எடுத்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அதான் கெடைச்சிருச்சில்லீங்க? இன்னும் எதுக்குங்கப்பா வேலை செய்யறீங்க?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சர்ச்சு கேட்டு துருப்புடிச்சுக் கெடக்குது அம்மிணி," என்று சொல்லி என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். வெளியே சித்தப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். சாயங்காலம் சட்டையெல்லாம் பச்சைப் பெயின்டோடு இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

வேலை மட்டும் நிற்கவில்லை. நான் கொண்டுபோன அப்பம் பலிக்கவில்லை போலிருக்கிறது, அடுத்த மாதம் இன்னொன்று வாங்கிவர வேண்டியிருக்குமோ என்று அன்று வெகுநேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.