கரடியூர் ரோட்டில் இரண்டு பேர்

என் கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்ததால்தான் நாங்கள் ஏற்காட்டுக்குக் குடிவந்தோம். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த மலை புதிதல்ல. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, ஏரியில் படகு விட்டு, பேரிக்காய் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். குடியிருக்கும்போதுதான் மலை வேறு மாதிரி என்று தெரிந்தது. துவைத்த துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஊறிப்போன கதவு மழைக்காலம் முழுக்கச் சாத்த வராது.

அதற்கு முன் என்னுடைய இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருந்தன. மலைக்குப் போனால் நிறைய எழுதுவாய் என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வருடம் உருப்படியாக ஒன்றும் எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி வந்துவிட்டால் எழுத என்ன இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது என்பதைத் தவிர.

ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் சர்க்கரை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். கரடியூர் போகும் ரோட்டில் ஒரு இறக்கம் உண்டு. அங்கே நடந்தால் கால் தானாக வேகம் பிடிக்கும். ஒருநாள் அதைத் தடுக்காமல் விட்டேன். அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில், சுடிதாரும் மகனுடைய பழைய ஷூவுமாக, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஓடுகிறவளாகிவிட்டேன்.

ஓட்டம் கவிதையை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. மேட்டில் ஓடும்போது மனதில் வரும் வரி மூன்று சொல்லைத் தாண்டாது. நாலாவது சொல்லுக்கு மூச்சு இருக்காது. இறக்கத்தில் வரிகள் நீண்டுகொண்டே போகும். ஆனால் இறக்கத்தில் வந்த வரி எதுவும் வீடு சேர்ந்த பிறகு தேறியதில்லை. அதனால் மேட்டுக்காகவே காத்திருந்து, மிளகுக்கொடி, சில்வர் ஓக் மரம், காப்பிச்செடியின் சிவந்த பழம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூன்று மூன்று சொற்களாகக் கட்டி எடுத்து வருவேன். சந்தைக்குப் போகிறவள் பையோடு போவது போலத்தான் ஓடினேன்.

அந்த ரோட்டில்தான் அவரைப் பார்த்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவி. எங்கள் தெருவுக்குக் கீழே குடியிருந்தார். ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் மேட்ரன் வேலை. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகும்போது பார்த்துத் தலையசைப்போம், அதற்கு மேல் பழக்கமில்லை. ஒரு காலை என்னை நிறுத்தி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

“ஏனுங்கக்கா, நானும் கூட ஓடி வரட்டுங்களா? தனியா ஓடுனா என்னமோ ஏதோன்னு கேப்பாங்க.”

வரச் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் ஒன்றும் மறுக்கவில்லை. ஆனால் முதல் சில நாட்கள் எங்களுக்குப் பின்னால் பைக்கில் மெதுவாக வந்தார். இரண்டு பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு எதுவும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் அவருக்கு அலுத்துவிட்டது. வருவதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் ஓடும்போது பேசுவதில்லை. திரும்பி நடக்கும்போதுதான் பேச்சு. அப்படி ஒரு பேச்சில்தான் சேலத்தில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு பேரும் பெயர் கொடுப்பது என்று முடிவானது. யோசனை அவருடையது.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு வளைவில் திரும்பியபோது காட்டெருமை நின்றது. காப்பித் தோட்டத்திலிருந்து ஏறி வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு, பனிக்குள் ஒரு லாரியைப் போல நின்றது. எனக்குத் திரும்பி ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடாதீங்கக்கா. நில்லுங்க.”

நின்றோம். அது எங்களைப் பார்த்தது, மூச்சு விட்டது, பிறகு எங்களைச் சட்டை செய்யாமல் எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கிப் போனது. செடிகள் ஒடிகிற சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் ஓரத்தில் கால் வைத்தேன். நனைந்த இலைக்குவியலுக்கு அடியில் பள்ளம் இருந்திருக்கிறது. கணுக்கால் மடங்கியது. காட்டெருமை என்னை ஒன்றும் செய்யவில்லை, இலைதான் செய்தது.

முட்டைக்கோஸ் ஏற்றிப் போன ஒரு ஜீப்பை அவர் கை காட்டி நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

அதன்பிறகு அவர் மட்டும் ஓடினார். முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவார். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் அவருக்காகவே காத்திருப்பேன். காப்பியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்து முடிந்த வாரம் அது. காப்பி பூத்திருக்கும், தோட்டமெல்லாம் வெள்ளையாக இருக்கும், அந்த வாசனையில் ரோடே கிறங்கிக் கிடக்கும் என்று நானாகவே கற்பனை செய்துகொண்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“ரோட்டத்தான் பாத்தேனுங்க,” என்றார்.

பூ? என்றேன்.

“பூத்திருக்குமுங்க. நான் பாக்கலை.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“ஹாஸ்டல்ல பிள்ளைகளைப் பாக்கோணும். ஊட்டுக்கு வந்தா மாமனாரைப் பாக்கோணும். ராத்திரியும் ஒரு கண்ணு அவர் மேலதான். ஓடறப்ப மட்டுந்தானுங்கக்கா எதையும் பாக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் ஓடறேன்.”

அவருடைய மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது என்பதும், படுக்கையில் கிடக்கும் அவருக்கு எல்லாம் இவர்தான் செய்கிறார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் பக்கத்தில் ஓடியிருக்கிறோம். நான் பையை நிரப்பிக்கொண்டு வந்த அதே ரோட்டில் அவர் பையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கால் சரியில்லாத நான் வரமாட்டேன் என்று நினைத்து, சேலத்து ஓட்டத்துக்குத் தானும் போவதில்லை என்றார். நான் பார்க்க வருகிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். மாமனாரை அந்த இரண்டு நாள் மட்டும் அவர் கணவர் பார்த்துக்கொண்டார். முந்தின நாளே பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் என் தங்கை வீட்டில் தங்கினோம்.

விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வெயில் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிக்கு மேல் இளைஞர்கள். புறப்படும் இடத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் வழக்கமாக ஓடுவதைவிட வேகமாக ஓடினார். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முடிவுக்கோட்டருகே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் வாழைப்பழம் தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் அவரைக் காணவில்லை. போகச் சொன்னதே தப்போ என்று நினைத்துக்கொண்டு, தடியை ஊன்றி ரோட்டோரம்வரை போய்ப் பார்த்தேன்.

கடைசியில் நடந்து வந்தார். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நடையை நிறுத்தி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஓடித்தான் கோட்டைத் தாண்டினார். பாதி வழியில் தலை சுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம். ஒரு போலீஸ்காரர் தண்ணீர் கொடுத்து, வண்டி வரச்சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று எழுந்துவிட்டாராம்.

“சமதரை எனக்கு ஆகறதில்லைங்கக்கா. மேடு வந்தாத்தான் காலுக்கு என்ன செய்யறதுன்னு தெரியுது. இங்க வரவே மாட்டேங்குது.”

மெடலைக் கழுத்தில் போட்டபடியே பஸ் ஏறினார். மேலே வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மெடல் மாமனாரின் இடது கையில் இருந்தது. காலையில் விளையாட்டாகக் கொடுத்ததைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாராம். கஞ்சி கொடுக்கும்போதும் விடவில்லை. ரைட்டரான மகன் வாங்கப் பார்த்தபோது பெரியவர் விரல்களை இறுக்கிக்கொண்டு சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

அந்த மாதம் ஒரு கவிதை எழுதினேன். நெடுநாளைக்குப் பிறகு எழுதியது. அதில் மலை இல்லை, பனி இல்லை, பூ இல்லை. வரிகள் நீளமாக இருந்தன, உட்கார்ந்து எழுதியதால் இருக்கலாம். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஹாஸ்டலுக்கு நேரமாகிவிட்டதால் நின்றுகொண்டே கேட்டார்.

“இதுல நான் இருக்கேனுங்களா?”

இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

“அப்பச் சரிங்க,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் மறுபடி ஓடுகிறேன். முன்பைவிட மெதுவாக. அவர் என்னைவிட வெகுதூரம் முன்னால் போய்விடுகிறார். சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்தில் ரோடெல்லாம் வண்டிகளாக இருக்கும், அப்போது மட்டும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். வளைவுகளில் எனக்காக அவர் நிற்பதில்லை. நிற்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். வழியில் நான் இப்போதும் மரங்களைப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. மேட்டில் மட்டும் சில நாள் எதையும் பார்க்காமல், எதையும் மூன்று சொல்லாகக் கட்டாமல் ஏறிப் பார்க்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.