அறுபது டிகிரியில் வெளுத்தது

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லும். சொல்லட்டும். புருசனின் வேலைக்கு உலை வைத்தவள் என்றும் சொல்வார்கள். அதையும் சொல்லட்டும். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

நானும் என் மனுசனும் வெள்ளவத்தையில் ஒரே லோண்டரியில் வேலை செய்தோம். கொள்ளுப்பிட்டி ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். கழுவும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அவர் பொயிலர் ஒப்பரேட்டர். தன் லைசன்ஸை ஃபிரேம் போட்டு, வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அவ்வளவு பெருமை.

துணி காயவைக்க காஸ், இஸ்திரிக்குக் கரண்ட். பொயிலர் இருந்தது கழுவும் தண்ணீரைச் சூடாக்க மட்டும். டீசலை எரித்து நீராவி எடுத்து, அதைக் குழாய் வழியே தொட்டிக்குள் விடுவோம். தண்ணீர் தாறுமாறாகச் சூடாகிவிடும். பிறகு நாங்களே பச்சைத் தண்ணீர் விட்டு அறுபது டிகிரிக்கு இறக்குவோம். ஏனென்றால் பால், முட்டைக் கறையில் கொதிக்கிற தண்ணீர் பட்டால் கறை வெந்து துணியோடு ஒட்டிவிடும். நாங்கள் இப்படி இறக்குவது முதலாளிக்கும் என் மனுசனுக்கும் தெரியாது; அவர்கள் கண்ட சூடு பொயிலர் சூடுதான். இந்த அறுபதுக்காக அவ்வளவு நெருப்பு! புகை போய் அடுத்த வீட்டுக் கொடியில் கரியாய் அப்பும். நாங்கள் வெளுத்துச் சம்பளம் வாங்குவோம், அந்த வீட்டு அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே தன் துணியைத் திரும்பத் துவைப்பா. வருசக்கணக்காய் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஹோட்டல்காரர் ஒரு படிவம் அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு டீசல் எரிக்கிறீர்கள், எவ்வளவு கார்பன் வெளியே விடுகிறீர்கள், எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி தலையைச் சொறிந்தார். ஹீட் பம்ப் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்போம் என்றேன். பிரிட்ஜின் பின்பக்கம் சூடாகிறதல்லவா, அதே வேலைதான். கொஞ்சம் கரண்டை வைத்துக்கொண்டு, காற்றில் இருக்கிற சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் விடும். எங்கள் லோண்டரிக் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்?

"ஒரு மாசம் தாறன். ஹோட்டலில இருந்து ஒரு கொம்ப்ளெய்ன் வந்தாலும் மெசின் திரும்பிப் போகும், பிள்ளை. உம்மட சூப்பர்வைசர் கதிரையும் போகும்" என்றார் முதலாளி.

"வரட்டும், பாப்பம்" என்றேன்.

வீட்டில் மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப என்னை வேலையை விட்டுப் போகச் சொல்றாய்" என்றார். மெசின் வென்றால் பொயிலருக்கு ஆள் எதற்கு? அது தெரிந்துதான் மெசினைக் கேட்டிருந்தேன்.

மெசின் வந்தது. அது நேரே அறுபதில் தந்ததால் பச்சைத் தண்ணீர் விடுவதை நிறுத்தினோம். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பொயிலரையும் சின்னதாய் எரியவிட்டார் முதலாளி. மூன்றாம் கிழமை வேன் டிரைவர், "அக்கே, மேவா ஹரி நே" என்று சிங்களத்தில் சொல்லி ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டான். சரியில்லை என்று ஹோட்டல் திருப்பிவிட்டதாம். பிரித்தால், விரிப்பு முழுக்கப் பால்தேத்தண்ணி வட்டங்கள், பழுப்பாய்.

"அறுபதில வெளுக்காது எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் முதலாளி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே தொட்டிக்குப் போனேன். சூடு காட்டும் முள் எண்பத்தைந்தில் நின்றது. அந்த மெசின் குட்டிக்கரணம் அடித்தாலும் எண்பத்தைந்து தராது! நீராவிக் குழாயில் விரல் வைத்தேன், சுட்டது. வால்வு கால்வாசி திறந்திருந்தது. அந்த வால்வில் கை வைக்கிறவர் லோண்டரியில் ஒரே ஒருவர்தான்.

பொயிலர் அறைக்குப் போய், "இஞ்சாருங்கோ, என்னைக் கவிழ்க்கப் பாத்தீங்களோ?" என்று கத்தினேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "உன்னைக் கவிழ்க்கவோ? அறுபதில என்னடி வெளுக்கும்! கறை மிஞ்சினா உன்ர கதிரை போயிடும். கொஞ்சம் ஸ்டீம் சேத்தா வெளுத்திடும் எண்டு இந்தக் கிழமை முழுக்கக் காலமையில திறந்துவிட்டனான். உனக்காகத்தான்."

சிரிப்பதா அழுவதா? தன் வேலையைத் தின்ன வந்த மெசின் வெல்ல வேண்டும் என்று கள்ளமாய் நீராவி விட்டிருக்கிறார் இந்த மனுசன். அந்த நீராவிதான் கறையை வேகவைத்தது. உண்மையைச் சொன்னால் அவர் வேலை அன்றைக்கே போகலாம். சொல்லாவிட்டால் மெசின் போகும், புகை அப்படியே தொடரும்.

"நான் சொல்லப் போறன்" என்றேன்.

"சொல்லு" என்றார். பின்னாலேயே அவரும் வந்தார்.

முதலாளியின் முன்னால் நின்று சொன்னேன். "ஸ்டீம் வால்வைத் திறந்தது என்ர மனுசன். கறையை வேகவச்சது அறுபது இல்லை, எண்பத்தைந்து. மிச்ச நாளையும் தாங்கோ. பிறகும் கறை வந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்கோ."

"இப்பவே அனுப்பினா?"

"அனுப்புங்கோ. அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கோ."

அவர் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்துவிட்டு மிச்ச நாளையும் தந்தார். என் மனுசன் ஸ்பேனரை எடுத்துப் போய், தொட்டிக்கு வந்த நீராவிக் குழாயைத் தன் கையாலேயே கழற்றினார். அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை.

மாசம் முடிய பொயிலரை லொறியில் ஏற்றினார்கள். அவரையும் நிறுத்தினார்கள். வேறு வேலை கொடுங்கள் என்று முதலாளியோடு சண்டை பிடித்தேன். அந்த ஆள் மசியவில்லை. பாவி! அவருடைய லோண்டரியில் புகை ஒழிந்தது என்று ஹோட்டல்காரர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அதில் என் மனுசனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது அவர் பாமன்கடையில் ஏசி திருத்துகிற ஒருவருக்கு உதவியாள். தன்னை விடப் பத்து வயது குறைந்த அந்த ஆளின் ஸ்பேனர், சுத்தியல் கிடக்கிற ஆயுதப் பையைச் சுமக்கிறார். போன கிழமை கேட்டே விட்டேன்.

"என்னில கோவமோ?"

"ஓம். இல்லாமல் இருக்குமோ?"

"அப்ப பொயிலரைத் திரும்பப் பூட்டச் சொல்லி முதலாளியிட்டக் கேக்கட்டோ?"

சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுப் பார். நானே வந்து கழட்டுவன்."