ஷரீஃபுன்னிசா சொன்ன விலை

கிருஷ்ணகிரியில் துவரம் பருப்பு கிலோ ஐம்பத்திரண்டு ரூபாய்க்குக் கிடைத்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது குலாம் ரசூலின் வீடு. அங்கே ஆட்டுக்கறி இருநூற்று நாற்பது, டீ நாலு ரூபாய், தக்காளி எட்டு. இந்த விலைகளையெல்லாம் வைத்தவள் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா.

குலாம் ரசூல் மாங்காய் மண்டியில் தரகராக இருந்தவர். துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை முடிப்பார். பிடித்த விரலை விட்டார், பேச்சு மாறினார் என்று அவர் மேல் ஒரு சொல் கிடையாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மண்டியும் போயிற்று, வாசலைத் தாண்டுவதும் போயிற்று. விலை கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கடைக்குப் போனவள் பையை இறக்கி வைப்பதற்குள், "தக்காளி என்ன போவுது?" என்பார்.

ஆரம்பத்தில் அவள் உள்ளதைத்தான் சொன்னாள். பருப்பு நூறு ரூபாயைத் தொட்ட அன்று அவர் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். "சம்பாதிக்காதவனுக்கு எதுக்கு பருப்பு" என்றார். அடுத்த வாரம் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த மாதமே மறுபடி விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஷரீஃபுன்னிசா ஒரு முடிவுக்கு வந்தாள். பொய் சொல்வது பாவம்தான், அல்லாஹ்விடம் அவள் பதில் சொல்லிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும், "பருப்பு இறங்கிடுச்சுங்க, நாப்பத்தஞ்சுதான்" என்றாள். மனிதர் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

அப்புறம் அதுவே ஒரு தொழிலாகிவிட்டது. சந்தேகம் வராதபடி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ரூபாய் ஏற்றுவாள். டிவி கெட்டுப் போனது, அவள் சரிபண்ணவேயில்லை. வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "எத வேணா பேசுங்க, வெலவாசி மட்டும் பேசாதீங்க" என்று கெஞ்சிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மளிகைக்கடை நாராயணப்பன் நலம் விசாரிக்க வந்தால், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி விலை சொல்வார். தெருவே சேர்ந்து ஒரு மனிதரை ஏமாற்றியது. ஏமாந்தவர் தெம்பாக இருந்தார்.

ஆனால் நாராயணப்பன் கடையில் ஐம்பத்திரண்டு ரூபாய்க்குப் பருப்பு போடுவாரா? மாங்காய்ப் பருவத்தில் ஷரீஃபுன்னிசா மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் பழம் அறுக்கப் போவாள். மற்ற மாதங்களில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவாள். அதற்கும் மேல் துண்டு விழுந்ததைத் தன் வயிற்றில் பிடித்துக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்பாள். மிச்சம் இல்லாத நாளும் இருந்தது.

போன ஜூனில் அவள் ஃபேக்டரிக்குப் போயிருந்தபோது பாஸ்கரன் வந்தான். சூளகிரியில் இடம் வாங்கி விற்கிறவன். அங்கே ரோட்டோரமாக அவர்களுக்குப் பத்து சென்ட் இருந்தது. மகள் மெஹ்னாஸுக்கென்று வைத்தது. புருஷன் விட்டுப் போனபின் மெஹ்னாஸ் ஓசூர்க் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள், பாதிச் சம்பளம் வாடகைக்கே போய்விடும்.

சாயங்காலம் ஷரீஃபுன்னிசா திரும்பியபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பழைய மண்டிக்காரன் களை.

"எடத்த முடிச்சுட்டேன். நாலு வெரல்லயே நின்னான். விட்டனா? அஞ்சாவது வெரலயும் புடிக்க வெச்சேன். பத்து சென்ட்டும் சேத்து அஞ்சு லட்சம். சிமெண்டு நூத்தியெழுவதுன்னு நீதான சொன்ன? மெஹ்னாஸுக்கு ஓசூர்லயே மனை வாங்கி வீடு கட்டி, ரெண்டு பவுனும் எடுத்துடலாம். வியாழக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவ வண்டி அனுப்பறானாம்."

கம்பெனிகள் வந்த பிறகு அந்த ரோட்டில் ஒரு சென்ட் மூன்று லட்சம். பாவி பாஸ்கரனுக்கு அது தெரியாதா? விலைவாசி பேசாதே என்று போன ரம்ஜானில் வாசலில் அவனிடம் சொன்னவளே அவள்தான். அவன் அந்தச் சொல்லை நன்றாகவே காப்பாற்றினான்.

மெஹ்னாஸுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு மெஹ்னாஸ், "அத்தாகிட்ட சொல்லிடும்மா. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள். சொன்னால் அவர் சோறு போகும், சொல்லாவிட்டால் மகளின் இடம் போகும். இரண்டு நாள் ஷரீஃபுன்னிசா இதையே மென்றுகொண்டிருந்தாள். புதன்கிழமை காலையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க ஒரு சென்ட்டு மூணு லட்சம் போவுதுங்க."

அவர் சிரித்தார். "தக்காளி எட்டு ரூவாய்க்கு விக்கற காலத்துலயா?"

"தக்காளி நாப்பதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பருப்பு? கறி? மாத்திரை அட்டை? கறி எண்ணூறு என்றபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன வருசமா?"

"பதினாறு."

அவர் அவளிடம் கையை நீட்டினார். போனை வாங்கி பாஸ்கரனைக் கூப்பிட்டார். "தம்பி, புடிச்ச வெரல விட்டுர்றேன். குலாம் ரசூல் பேச்சு மாறிட்டான்னு மண்டில போய் சொல்லிக்க." அந்தப் பக்கம் அவன் கத்தியது அவளுக்கும் கேட்டது. அவர் கேட்டு முடிக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. மத்தியானம் தட்டு வைத்தபோது சோற்றை விரலால் நடுவில் பிரித்து, பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்கு உள்ள இருக்குங்க."

"இருக்கற லட்சணம் தெரியுது. பதினாறு வருசமா ஒன் சோத்ததான் தின்னுருக்கேன். தின்னு, நான் பாக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் விழுங்கினாள். அன்றிலிருந்து எவ்வளவு வைத்தாலும் பாதிதான். அவள் தெரிந்தே கூடுதலாக வடித்தாள், அவர் அதிலும் பிரித்தார். ஆறு மாதத்தில் அவள் கன்னத்தில் சதை பிடித்தது. அவருக்குத் தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிய ஆரம்பித்தது.

போன மாதம் பருப்பு விலை நிஜமாகவே இறங்கியது. ஒரே வாரத்தில் கிலோவுக்கு முப்பது ரூபாய். ஷரீஃபுன்னிசா கடையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். "பருப்பு இறங்கிடுச்சுங்க, அல்லா மேல சத்தியமாங்க" என்றாள், குரல் உடைந்து.

"எறங்கிருக்கும் புள்ள, எறங்கிருக்கும்" என்று அவர் நல்ல கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு தட்டை இழுத்து, சோற்றைப் பிரிக்கத் தொடங்கினார்.