சின்ன வெங்காயம் போட்ட ஸ்பகெட்டி

சின்னவளுக்குச் சளி. கஷாயம் வைக்கலாம் என்று தொட்டியிலிருந்து நாலு கற்பூரவல்லி இலையைக் கிள்ளினேன். விரலை மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், நான் தூத்துக்குடியில் இல்லை. திருப்பூரில், ஒரு நூல் கடையின் மாடியில், பீட்சா வேகும் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். இத்தாலிக்காரர்கள் எல்லாவற்றின் மேலும் தூவுகிற அந்தக் காய்ந்த இலைக்கும் நம் கற்பூரவல்லிக்கும் ஏறக்குறைய ஒரே வாசம். நம்பாவிட்டால் கிள்ளிப் பாருங்கள்.

அந்த இத்தாலியன் கடையை நடத்தியவர் கப்பலில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய பல்லடத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணன். ஸ்பகெட்டியில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துப் போடுவார். பனியன் ஆர்டர் கொடுக்க ஊருக்கு வந்த இத்தாலிக்காரர் ஒருவர் அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம், இது உங்கள் ஊர்ச் சாப்பாடா?" என்று கேட்டாராம். அண்ணனே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மேசை விரிப்புகூட ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணிதான். அதன் ஓரம் சுருண்டுகொண்டே போகும், நாங்கள் பேச்சுக்கு நடுவே நீவி விட்டுக்கொண்டே இருப்போம்.

நாங்கள் என்றால் மூன்று பேர், ஒரே பனியன் கம்பெனி. பானுமதி அவிநாசிக்காரி, என் பக்கத்து சீட். கதிர்வேல் துணிப் பிரிவு; கொமரலிங்கத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். நான் பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து குடும்பத்தோடு வந்த டைலரின் மகள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சனிக்கிழமை சாயங்காலமானால் அடுப்புக்குப் பக்கத்து அந்த ஜன்னலோர மேசை எங்களுக்கு. கீழே வண்டியில் மூட்டை ஏற்றுகிற பையன்கள் இந்தியில் ஏதோ பாடுவார்கள். வெண்ணெயில் பூண்டு பொரியும். அந்த மாடியில் இருக்கிறவரை, நாங்கள் எந்த ஊர், எந்தச் சாதி என்பதெல்லாம் கீழே செருப்போடு கிடப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

நாங்கள் கடைசியாக அங்கே போன சனிக்கிழமைக்கு மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கதிர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்பா முன்னால் நின்று பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நானே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த வயதில் அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது, என்ன செய்வது?

படியேறும்போதே பானு காதைக் கடித்தாள். "இன்னிக்கு அவரு பேசிப்போடுவாரு புள்ள. நா கை கழுவப் போனா சித்த நேரம் வரமாட்டேன், பாத்துக்க."

சொன்னபடியே எழுந்து போனாள். கதிர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். "ஏனுங்க..." என்றார். நான் சுருண்ட விரிப்பின் ஓரத்தை நீவினேன். அவர் கை மெல்ல நகர்ந்து வந்து என் குர்த்தியின் கை ஓரத்தைப் பிடித்தது. விரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

திருப்பூரில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பவரின் துணியைக் கேட்காமலேயே இரண்டு விரலால் தேய்த்துக் கனம் பார்ப்பார்கள். மணமேடையில் மாப்பிள்ளையைக்கூட விடமாட்டார்கள். துணி விரலில் பட்டதும் கதிரின் வாய் தானாகப் பேசியது.

"இது எத்தன ஜி.எஸ்.எம்.முங்க?"

துணியின் கனத்தைக் கேட்கிறார். நானாவது சும்மா இருந்தேனா? ஷிப்மென்ட் பாஸ் பண்ணுகிற குரலில் பதில் சொன்னேன். "நூத்தி அறுவது. சிங்கிள் ஜெர்சி."

"நூத்தி எம்பதுனு நெனச்சனுங்க."

"வாஷ் குடுத்துருக்கு. அதான் அப்படித் தெரியுது."

அப்புறம் துணி சுருங்குவதைப் பற்றிப் பேசினோம். பானு திரும்பி வந்தபோது ஈரோட்டுச் சாயப்பட்டறை வரை போயிருந்தோம். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னொரு பிளேட்டுங்க" என்றாள்.

மறுநாள் வந்தவர்களைப் பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சரி என்றேன்.

அண்ணன் கடையை மூடிவிட்டாராம். அந்த மாடியில் லேபிள் அடிக்கிறார்கள் என்று பானு போனில் சொன்னாள். கதிருக்கு உடுமலைப் பக்கம் பெண் எடுத்தார்கள், சொந்த யூனிட் போட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் தங்கமானவர், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எதையும் பட்டென்று கேட்டுவிடுவார். ஆனாலும், என்னிடம் ஒரு வார்த்தை பேச ஒருவருக்கு விரல் நடுங்கியது அந்த மாடியோடு போயிற்று. அதற்குப் பிறகு யாரும் என் எதிரில் அப்படிப் பயந்ததில்லை.