லீவில் இருப்பவளுக்கு ஏது லீவு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சுமலதாவுக்குப் பல வருஷ வேலை. ஆர்டர் குறைந்ததும் நோட்டீஸ் போர்டில் ‘ஃபர்லோ’ என்று ஒட்டினார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. எச்.ஆர். அசோக்குமார் விளக்கினார்: வேலை போகவில்லை, தற்காலிக லீவுதான், பாதிச் சம்பளம் உண்டு. ஆனால் காலையிலும் மதியத்துக்கு மேலும் கேட்டுக்கு வந்து வருகை பதியும் மெஷினில் முகம் காட்ட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் தானாகவே வேலையை விட்டதாக அர்த்தம்.

இப்படியொரு லீவை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து முகம் காட்டுவாள். எதிரே புங்கமரத்தடியில் மதியம் வரை உட்கார்ந்திருப்பாள். மறுபடி காட்டிவிட்டுப் போவாள். மகள் சுப்ரியா சாமல்பட்டியில் அத்தை நஞ்சம்மா வீட்டில் படிக்கிறாள். அப்பன் லாரியோடு வடக்கே போனால் எப்போது வருவான் என்று தெரியாது. மகளை ஓசூருக்கே கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் சுமலதா இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை அவள் முகம் காட்டிவிட்டு வந்ததும் நஞ்சம்மா போன் செய்தாள்.

“அண்ணி, பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. அம்மா வந்தாத்தான் தண்ணி ஊத்திக்குவேன்னு அழுவுறா. சீக்கிரம் வாங்க.”

சுமலதா அசோக்குமாரிடம் ஓடினாள். “சார், பொண்ணு வயசுக்கு வந்துட்டா. ஒரு நாள் லீவு குடுங்க சார்.”

“ஃபர்லோல இருக்கறவங்களுக்கு லீவு கிடையாதும்மா. நீங்கதான் ஏற்கனவே லீவுல இருக்கீங்களே?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். இதைச் சொல்லும் எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினாள். பஸ் நகரும்போது இறங்கிவிட்டாள். போனால் மதியத்துக்குள் திரும்ப முடியாது. வேலை போனால் மகள் காலத்துக்கும் அத்தை வீட்டில்தான். மரத்தடிக்கே திரும்பி வந்தாள்.

மதியம் அவளே போன் போட்டாள்.

“எவ்ளோ நேரந்தான் புள்ளய அப்படியே உக்கார வெக்கறது? நாங்களே தண்ணி ஊத்திட்டோம் அண்ணி,” என்றாள் நஞ்சம்மா.

“அவகிட்ட குடும்மா.”

பின்னாலிருந்து சுப்ரியாவின் குரல் கேட்டது. “லீவுல இருந்துக்கிட்டே வரல இல்ல? இனி வரவே வேணாம்னு சொல்லு அத்தை.”

போன் கட் ஆனது. முகம் காட்டும் நேரம் ஆகியிருந்தது. மெஷின் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி நின்றாள். மறுபடியும் சிவப்பு.

வாட்ச்மேன் மூர்த்தி அவளைப் பார்க்காமலே சொன்னார். “கண்ண தொடச்சிட்டு நேரா பாருக்கா. அழுவற மூஞ்சிய அது எடுக்காது.”

துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பச்சை எரிந்தது.

“தேங்க் யூ” என்றது மெஷின்.