சோபே ஆற்றங்கரையில் ஓர் அமாவாசை

எங்கள் மகன் போட்ஸ்வானாவில் வேலை பார்க்கிறான். பெற்றவர்களுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் காட்டியே தீருவதென்று ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, அதன் கூரைமேல் கூடாரத்தை மாட்டி, எழுபது வயதுக்கு மேல் எங்களை ஏணி ஏறித் தூங்க வைத்தான். ஏணியில் ஏழு படி. சூலூரில் மூன்று படுக்கையறை வைத்து வீடு கட்டியவனுக்கு இந்த யோகம்.

பல நாள் ஓட்டத்துக்குப் பிறகு சோபே ஆற்றங்கரை முகாமில் ஓய்வு என்று அறிவித்தான். "அப்பா, இன்னைக்கு ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா இருக்கணும்." ஆற்றில் நீர்யானைகள் பதினொன்று. தலைகளை மட்டுமே எண்ணினேன். முங்கியிருந்தவை கணக்கில் வராது. சும்மா இருப்பதில் அவை என்னைவிடத் தேறியவை.

என் மனைவி ஊரிலிருந்து தினசரி காலண்டரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அன்று அமாவாசை. காலையில் பட்டினி; மதியம் சமைத்து, இறந்துபோன என் அப்பாவுக்குப் படைத்து, காக்கை வந்து சோறெடுத்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். ஊரில் இதில் சிக்கலே கிடையாது. குக்கர் விசில் கேட்டதும் சூலூர்க் காக்கைகள் மதில்மேல் வரிசை கட்டிவிடும். இங்கேயோ, பொள்ளாச்சிச் சந்தையைத் தாண்டிப் போகாத என் அப்பா பாஸ்போர்ட் இல்லாமல் ஆப்பிரிக்கா வந்து சேர வேண்டும்.

"சக்கரை மாத்திரை?" என்று கேட்டேன்.

"அது காத்தாலயே போட்டுட்டனுங்க," என்றாள் பெருமையாக.

வெறும் வயிற்றில் மாத்திரை! பக்கத்தில் டாக்டர் உண்டா என்று மகனைக் கேட்டேன். "ரிலாக்ஸா இருங்கப்பா."

காகிதத் தட்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்து ஜீப்பின் பானெட்மேல் வைத்தாள். குரங்குகள் வந்தன, தட்டோடு போயின.

"ஆஞ்சநேயரே எடுத்துட்டாரு, நீ சாப்பிடு."

"மாமாவுக்கு வெச்சதுங்க. கொரங்குக்கா வெச்சேன்?"

அடுத்த தட்டை ஒரு மரத்தடியில் வைத்தாள். தந்தம் முளைத்த காட்டுப்பன்றி ஒன்று வந்து, முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டுத் தின்றது. எங்கள் சொந்தத்தில் யாரும் இத்தனை பக்தியோடு சாப்பிட்டதில்லை.

மூன்றாவது தட்டை வைத்தபோது அவள் நெற்றி வேர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. மகன் ஓய்வை மறந்து ஜூஸ் டப்பாவோடு ஓடி வந்தான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஆற்றங்கரையில் நின்று "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த கூடாரத்து வெள்ளைக்காரத் தம்பதி நீர்யானைகளை விட்டுவிட்டு பைனாகுலரை என் பக்கம் திருப்பினார்கள்.

ஒருவழியாக ஒரு பறவை வந்து இறங்கியது. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தும் நெஞ்சும் மட்டும் வெள்ளை. தட்டில் கொத்தியது.

"ஏனுங்க, இது காக்காயுங்களா? நெஞ்செல்லாம் வெள்ளையா இருக்குதுங்களே?"

"இந்த ஊர்க் காக்கா இப்படித்தான்."

"என்னைய சோறு திங்க வெக்கறதுக்கு நீங்க எது வேணாலும் சொல்லுவீங்க."

நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு. மகன்தான் சொன்னான்: "ஏம்மா, தாத்தா ஊட்டுல என்னைக்குச் சட்டை போட்டாரு? வெள்ளை பனியனோடதான இருப்பாரு?"

அவள் உற்றுப் பார்த்தாள். பறவை பருப்பை ஒதுக்கிவிட்டு நெய்ச்சோறாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பருப்பை அக்கட்டால தள்ளுது பாரு கண்ணு," என்றாள் மகனிடம். "மாமாவேதான்."

உடனே தட்டு கேட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது கவளத்தில் நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டேன்.